பிள்ளை எங்கே வாய் திறக்கிறது? வட்ஸ்அப், டெலிகிராம், பேஸ்புக், கூகுள் கிளாஸ்ரூம்: ஓர் ஒப்பீடு

என் தரம் 11 வகுப்பில் 38 பிள்ளைகள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம் என்று கொழும்பின் வடக்குப் பக்கத்துப் பிள்ளைகள். பாதிப் பேருக்குச் சொந்த ஃபோன் இல்லை. அப்பா த்ரீவீல் ஓட்டப் போகும்போது ஃபோனும் அவரோடு போய்விடும். இரவு ஒன்பது மணிக்கு அவர் வீடு வந்த பிறகுதான் அது பிள்ளையின் கைக்கு வரும். அப்போதும் தம்பியோ தங்கையோ பங்கு கேட்டு நிற்பார்கள்.

புதிதாக நியமனம் பெற்று வந்த ஆசிரியை ஒருவர் போன கிழமை கேட்டார்: "அக்கா, பிள்ளைகளுக்கு எதில குரூப் போடலாம்? வட்ஸ்அப்பா, டெலிகிராமா, கிளாஸ்ரூமா?" இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டதால் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். நான் படிப்பிப்பது கணிதம் என்பதால் உதாரணங்களும் அதிலிருந்துதான் வரும்.

ஒப்பிடுவதற்கு இரண்டு அளவுகோல்கள் வைத்திருக்கிறேன். அந்த ஒன்பது மணி ஃபோனில் அது வேலை செய்கிறதா என்பது ஒன்று. வகுப்பில் கை உயர்த்தாத பிள்ளை அங்கே வந்து கேள்வி கேட்கிறதா என்பது மற்றது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. எத்தனை பேரைச் சேர்க்கலாம், எத்தனை ஜீபி அனுப்பலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நேரலையா, பிறகு பார்ப்பதா?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எல்லோரும் முதலில் ஓடியது சூமுக்குத்தான். நம்முடைய ஒரு பாடவேளை 40 நிமிடம். சூமின் இலவச எல்லையும் 40 நிமிடம். பொருத்தமாகத்தான் தெரிந்தது. ஊரடங்கு என்பதால் அப்பா வீட்டில் இருந்தார், ஃபோனும் இருந்தது. ஆனால் அக்காவுக்கும் தம்பிக்கும் அதே பத்து மணிக்குத்தான் வகுப்பு. யாருக்கு இந்த வருடம் பரீட்சையோ அந்தப் பிள்ளைக்கு ஃபோன். மற்றதுகள் சும்மா இருந்தன. டேட்டா வேறு. ஒரு மணி நேரம் வீடியோ ஓடினால் அரை ஜீபிக்கு மேல் போய்விடும்.

நேரலை வகுப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம் என்பார்கள். கமராவை மூடி வைத்திருந்தவர்களே அதிகம். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் இருக்கும் வீட்டில் எந்தப் பிள்ளை கமராவைத் திறக்கும்? அந்த நாட்களில்தான் விளங்கியது: என் பிள்ளைகளுக்கு, போட்டு வைத்தால் பிறகு எடுத்துப் பார்க்கக்கூடிய இடம்தான் வேண்டும். கீழே வருபவை எல்லாம் அந்த வகை.

வட்ஸ்அப்பும் டெலிகிராமும்

வட்ஸ்அப்பின் முதல் பலம், அதை யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அம்மம்மாவுக்கும் தெரியும். கைபேசி நிறுவனங்கள் விற்கும் மலிவான சமூக ஊடகப் பேக்கேஜ்கள் பலவற்றில் வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் அடங்கிவிடும். மாதம் முழுக்க அந்தப் பேக்கேஜிலேயே காலம் தள்ளும் வீட்டுக்கு அதற்கு வெளியே உள்ள எந்த இணையத்தளமும் பூட்டிய கதவு மாதிரித்தான்.

இரண்டாவது பலம் குரல்பதிவு. கணிதக் குறியீடுகளை ஃபோனில் தட்டச்சுச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் கூட ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுகிறார்கள். "சமாந்தரம்" என்பதை அப்படி எழுதினால் எழுதிய பிள்ளைக்கே வாசிக்கக் கஷ்டம். பிள்ளை கொப்பியைப் படம் பிடித்து அனுப்பும். எந்த வரியில் பிழை என்று நான் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பி, அரை நிமிடம் பேசியும் விடுவேன். வட்டவில் மையத்தில் எதிரமைக்கும் கோணம், எஞ்சிய பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு என்ற தேற்றத்தை வகுப்பில் மூன்று முறை நிறுவிக் காட்டியும் விளங்காத பிள்ளைக்கு அந்த அரை நிமிடத்தில் பிடிபட்டிருக்கிறது. அதைப் பத்துத் தடவை திருப்பிக் கேட்கலாமே. பக்கத்தில் இருக்கும் அம்மாவும் கேட்பார். "டீச்சர், நீங்க சொன்னது எனக்கே விளங்கிட்டுது" என்று ஒரு தாய் சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இனிக் குறைகள். குழுவில் சேர்ந்தவுடன் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். பெண்பிள்ளைகளின் பெற்றோர் இதற்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2022இல் வந்த கம்யூனிட்டி வசதியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. ஆனால் அங்கே பிள்ளை தானாக ஒரு கேள்வியைத் தொடங்க முடியாது, நிர்வாகி மட்டும்தான் அறிவிப்புப் போடலாம். கருத்துக்கணிப்புப் போட்டாலும் யார் எந்த விடையைத் தொட்டார் என்று பெயரோடு காட்டிவிடும். பிழையாகத் தொட்ட பிள்ளை அடுத்த முறை தொடாது.

2022இல் குழுவின் எல்லை 1,024 பேர் வரை கூடியது. இது நமக்கு எதற்கு? ஒரு தடவை மூன்று வகுப்புகளைச் சேர்த்து நூற்றுப் பத்துப் பேருக்கு ஒரே குழு போட்டேன். கேள்விகள் நின்றுவிட்டன. வகுப்பில் எப்போதும் கை உயர்த்தும் அதே ஐந்து பேர்தான் குழுவிலும் கதைத்தார்கள். திரும்பப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தேன். மூன்றாம் நாளே புதிய பெயர்கள் எழுதத் தொடங்கின.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்றை ஒரு பிள்ளையின் செலவில் படித்தேன். சும்மா இருக்கும் அந்தப் பிள்ளை ஒரு நாள் துணிந்து தன் விடையைக் குழுவில் போட்டாள். முதல் வரியிலேயே பிழை. நான் பார்ப்பதற்குள் யாரோ அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, நான் இல்லாத இன்னொரு குழுவில் போட்டுச் சிரித்துவிட்டார்கள். இரண்டு கிழமை அவள் பாடசாலைக்கே வரவில்லை. அந்தக் குழுவை நடத்தியவள் நான். அப்படி நடக்கலாம் என்று முன்கூட்டி யோசித்திருக்க வேண்டியவளும் நான்தான். அன்றிலிருந்து முறையை மாற்றினேன்: கேள்வி எனக்குத் தனியாக வரும், விடை குழுவுக்குப் பெயரில்லாமல் போகும். "ஒருவர் கேட்டிருக்கிறார்" என்று தொடங்கிப் பதில் சொல்வேன். இதனால் என் இரவு நேரம் கூடப் போகிறது. பரவாயில்லை, போகட்டும்.

டெலிகிராம் இந்த இடத்தில்தான் முந்துகிறது. 2020 தொடக்கத்தில் வந்த அதன் வினாடி வினா முறையில் பெயர் தெரியாமல் விடை தொடலாம். தொட்டவுடன் சரியா பிழையா என்று பிள்ளைக்குத் தெரியும், வேறு எவருக்கும் தெரியாது. எனக்கோ எத்தனை பேர் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பது தெரியும். ஆசிரியருக்கு வேண்டியது அவ்வளவுதான். நம்பரையும் மறைத்து வைக்கலாம். கோப்புகள் அதன் சேர்வரிலேயே கிடப்பதால் பிள்ளையின் ஃபோன் நிரம்பாது. இரண்டாம் தவணையில் வந்து சேரும் பிள்ளையும் முதலாம் தவணைக் குறிப்புகளைப் பார்க்கலாம். கடந்தகால வினாத்தாள்களை வருட வாரியாக அடுக்கி வைக்க இதைவிட நல்ல அலுமாரி இல்லை.

ஆனால் பெற்றோரின் ஃபோனில் டெலிகிராம் இல்லை. போடச் சொன்னால் "அது என்ன டீச்சர், தேவையில்லாத ஒன்று?" என்கிறார்கள். அங்கே இரண்டு இலட்சம் பேர் வரை ஒரே குழுவில் சேரலாம் என்பதால், தேடினால் பிள்ளை எந்தக் கடலிலும் போய் விழலாம். "இந்த முறை நிச்சயம் வரும் கேள்விகள்" என்று ஆசை காட்டும் குழுக்கள் எல்லா ஊடகத்திலும் உண்டு. 2024 ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் கசிந்து சமூக ஊடகங்களில் சுற்றியதால் அந்தப் பரீட்சை இரத்தாகித் திரும்ப நடந்தது. நேர்மையாகப் படித்த பிள்ளைகள் இரண்டாம் தடவை எழுத வேண்டி வந்தது. இதை என் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

அதனால் என்னுடைய தீர்ப்பு: கேட்பதற்கு வட்ஸ்அப், சேமிப்பதற்கும் சோதிப்பதற்கும் டெலிகிராம். இரண்டையும் நடத்த நேரம் இல்லாதவர் வட்ஸ்அப்பைச் சிறு குழுக்களாக வைத்துக்கொண்டாலே போதும். ஒன்று: வட்ஸ்அப்பின் ஆகக்குறைந்த வயது 13. தரம் 6, 7 பிள்ளைகளுக்கென்றால் பெற்றோரின் குழுவாகவே போடுங்கள்.

மௌனமாக இருப்பவர்கள்

குழுவில் ஒரு வார்த்தையும் எழுதாமல் வாசித்துவிட்டு மட்டும் போகும் பிள்ளைகளை "இவள் குழுவிலேயே இல்லை" என்று கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறோம். ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் லைபீரியாவில் தையற்காரர்களிடம் தொழில் பழகும் பையன்களைப் பார்த்தவர். எத்தியென் வெங்கரோடு சேர்ந்து 1991இல் அவர் சொன்னது, ஒரு கூட்டத்தின் ஓரத்தில் நின்று சின்ன வேலை செய்வதும் கற்றல்தான் என்பது. நம் புறக்கோட்டைத் தையற்கடையிலும் வந்து சேரும் பையன் முதலில் பொத்தான் தைப்பான், இஸ்திரி போடுவான், கண் மட்டும் கத்தரிக்கோலில் இருக்கும். நீல நிறச் சரி அடையாளம் விழுந்துவிட்டு மௌனமாக இருக்கும் பிள்ளையை நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். அவளைப் பெயர் சொல்லிக் குழுவில் கூப்பிடுவதில்லை.

பேஸ்புக், யூடியூப்

பேஸ்புக்கில் என் பிள்ளைகள் அதிகம் இல்லை. இருப்பவர்களும் அங்கே பாடம் படிக்க வரமாட்டார்கள். ஆனால் ஆசிரியர்களுக்கு அது நல்ல இடம். கொழும்பில் தமிழ் மொழிமூலம் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சில பாடசாலைகளில் தனி ஆளாக நிற்கிறார்கள்; கலந்து பேச ஓய்வறையில் வேறு எவரும் இல்லை. பேஸ்புக் குழுவில் மட்டக்களப்பிலிருந்து ஒருவர் மாதிரி வினாத்தாள் போடுகிறார், ஹட்டனிலிருந்து ஒருவர் அதன் புள்ளியிடும் திட்டத்தில் பிழை காட்டுகிறார், வவுனியாவிலிருந்து ஒருவர் இன்னொரு வழியில் செய்து காட்டுகிறார். பழைய பதிவுகளைத் தேடி எடுக்கவும் முடிகிறது. வலய மட்ட வட்ஸ்அப் குழுக்களில் சுற்றறிக்கையும் வாழ்த்தும் மட்டும்தான் ஓடுகின்றன. ஆசிரியர் கற்பதற்குப் பேஸ்புக், பிள்ளை கேட்பதற்கு வட்ஸ்அப் என்று நான் பிரித்துவிட்டேன்.

யூடியூப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழில் கணிதம் என்று தேடினால் தமிழ்நாட்டுக் காணொளிகள் நிறைய வரும், அருமையான ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் "அணி" என்பது நமக்குத் தாயம். "கணம்" என்பது நமக்குத் தொடை. "நாற்கரம்" நமக்கு நாற்பக்கல், "இணைகோடுகள்" நமக்குச் சமாந்தரக் கோடுகள், "வடிவியல்" நமக்குக் கேத்திர கணிதம். காணொளி பார்த்து நன்றாக விளங்கிய பிள்ளை வினாத்தாளில் "தாயம்" என்று பார்த்துவிட்டுத் திகைத்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் இணைப்பை அனுப்பும்போது சொற்பட்டியல் ஒன்றையும் சேர்த்தே அனுப்புகிறேன். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவில் நம் பாடத்திட்டத்துக்குரிய பாடங்கள் தமிழிலும் இலவசமாக உண்டு, அங்கே இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அது பாடம் பார்க்கும் இடம். கூடிப் பேசும் இடமாகப் பிள்ளைகள் அதை எடுத்துக்கொள்வதில்லை.

கிளாஸ்ரூம்

கூகுள் கிளாஸ்ரூம் 2014இல் வந்தது. 2017இலிருந்து சாதாரண ஜிமெயில் கணக்கிலும் வகுப்புத் திறக்கலாம். ஒழுங்கு என்று பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. எந்த வேலை, எப்போது கடைசி நாள், யார் தந்தார், யார் தரவில்லை எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஒப்படைத்த வேலையின் கீழ் ஆசிரியரும் பிள்ளையும் மட்டும் பேசும் தனிக் குறிப்பு வசதியும் உண்டு. அந்த ஸ்கிரீன்ஷொட் சம்பவத்துக்குப் பிறகு நான் தேடியது இதைத்தான்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் மடிக்கணினியும் வைஃபையும் உள்ள பிள்ளைகளுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. என் தோழி ஒருத்தி அங்கே வகுப்பு நடத்துகிறாள், வட்ஸ்அப்பை மூடியே விட்டாள். என் வகுப்பில் முயன்றபோது முதல் தடையே மின்னஞ்சல் கடவுச்சொல்தான். அப்பாவின் கணக்கில் அக்கா ஏற்கனவே நுழைந்திருப்பாள். சமூக ஊடகப் பேக்கேஜில் கிளாஸ்ரூம் திறக்காது. 38 பேரில் ஒன்பது பேர் மட்டும் வேலை ஒப்படைத்தார்கள், அந்த ஒன்பது பேரும் எப்படியும் செய்யக்கூடியவர்கள். செயலி நல்லதுதான். என் பிள்ளைகளின் ஒன்பது மணி ஃபோனுக்கு அது ஒத்துவரவில்லை.

எல்லாம் ஒரே நாளில் நின்றால்?

நம் நாட்டில் இந்த ஒப்பீட்டுக்கு இன்னொரு நிரல் வேண்டும். 2018 மார்ச்சில், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி என்று வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் இங்கே தடுக்கப்பட்டிருக்கின்றன. தடையில்லாமலே மறைந்துபோகும் தளங்களும் உண்டு. ஆசிரியர்களுக்கென்றே 2008இல் தொடங்கிய எட்மோடோ, 2022 செப்டெம்பரில் ஒரேயடியாக மூடப்பட்டது.

அதற்காகக் கடதாசிதான் நிலையானது என்றும் சொல்ல முடியவில்லை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. பிடிஎஃப்பில் அனுப்பலாம் என்றால், அதே மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. ஃபோனைச் சார்ஜ் போட முடியாத பிள்ளைக்கு எந்தச் செயலியை ஒப்பிட்டு என்ன?

அந்த வருடத்திலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எனக்குத் தனியாக அனுப்பும் கேள்விகளைப் பெயரில்லாமல் ஒரு சி.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் கொப்பி) எழுதிக்கொள்கிறேன், வந்த நேரத்தோடு. அடுத்த வருடம் அந்தப் பாடத்தைத் தொடங்கும்போது அந்தக் கொப்பிதான் முதலில் மேசைக்கு வரும். குழுவைச் சாதாரண தரப் பரீட்சை முடிந்த கிழமையிலேயே கலைத்துவிடுவேன், கொப்பி இருக்கும். இந்த வருடக் கொப்பியின் முதல் வரி இது: "மிஸ், புள்ளி வட்டத்துக்கு வெளியில இருந்தா அந்தத் தேற்றம் சரிவருமா?" இரவு 9.40.