டெத் வேலியில் மோட்டார்ஹோம்: படுக்கையை எண்ணாதீர்கள், நீளத்தை அளந்து பாருங்கள்

கலிஃபோர்னியாவின் பாலைவனத் தேசியப் பூங்காவான டெத் வேலிக்கு மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலிடம், கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள் முதலில் கேட்பது, எத்தனை பேர் படுக்கலாம் என்பதைத்தான். அங்கே பயணத்தைத் தீர்மானிப்பது நீளம். ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் சாலை, டான்டேஸ் வியூ மலைக்காட்சி முனைக்கான கடைசி ஏற்றம், கரிச்சூளைகளுக்குப் போகும் எமிக்ரன்ட் கேன்யன் சாலை, மூன்றிலும் வண்டி நீளத்துக்கு 25 அடிதான் எல்லை. விளம்பரத்தில் ‘25 அடி’ என்று போட்டிருந்தாலும், பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டினால் கணக்கு தப்பிவிடும். சாவியை வாங்கும்போதே டேப் பிடித்து முனைக்கு முனை அளந்துவிடுங்கள்.

அந்தக் கரிச்சூளைகள் 1877இல் கட்டியவை. தேன்கூடு வடிவில் வரிசையாகப் பத்து, ஒவ்வொன்றும் சுமார் 25 அடி உயரம். உள்ளே நின்றால் இன்றும் புகைவாடை வரும். ஆனால் கடைசிப் பகுதி ஜல்லிப் பாதை. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

பழைய ஹார்மனி போராக்ஸ் (வெண்காரம்) ஆலைக்கு இந்தத் தொல்லை இல்லை, தார்ச்சாலை பக்கத்திலேயே வரும். 1880களில் இங்கிருந்து 165 மைல் தள்ளியிருந்த மொஹாவே ரயில் நிலையத்துக்குப் போராக்ஸ் ஏற்றிப்போன கோவேறு கழுதை வண்டித்தொடர் நூறு அடிக்கு மேல் நீளம்; கூடவே 1,200 கேலன் தண்ணீர்த் தொட்டி. கோடையில் ஆலையே ஓடாது, அந்தச் சூட்டில் போராக்ஸ் படிகமாக உறையாது. இன்றைக்கும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். கூரை ஏசி வெளிவெப்பத்தைவிடச் சுமார் 10, 12 டிகிரி செல்சியஸ்தான் குறைக்கும். வெளியே 48 என்றால் உள்ளே எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அதிகம் ஏமாற்றுவது ஃபிரிட்ஜ். கேஸில் ஓடும் ரகத்துக்கு வண்டி மட்டமாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் உள்ளே குளிரூட்டும் அமோனியா சரியாகச் சுற்றாது. மேற்கு வெயில் அதன் பின்பக்கச் சுவரில் அடித்தால் மாலைக்குள் பால் திரிந்துவிடும். ஃபிரிட்ஜ் பக்கம் வடக்கையோ கிழக்கையோ பார்க்க வண்டியை நிறுத்துங்கள். பொருள்களை முந்தைய நாளே வீட்டில் குளிரவைத்து ஏற்றுங்கள்.

டவுன் பாஸ் கணவாய் கிட்டத்தட்ட 5,000 அடி. ஏறும்போது இன்ஜின் ஏசியை அணைத்துவிட்டு, பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்காக ஜெனரேட்டரில் கூரை ஏசியை ஓட்டலாம். வெப்பமுள் ஏறினால் ஒதுங்கி நின்று, இன்ஜினை அணைக்காமல் ஹீட்டரைப் போடுங்கள். ரேடியேட்டரின் சூடு கொஞ்சம் அதன்வழி இறங்கும். இறக்கத்தில் கீழ் கியர்தான். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கருகல் நாற்றம் வரும், அதற்குள் பாதிப் பிடிப்பு போயிருக்கும். டயர் காற்றைக் காலையில், வண்டி கிளம்புமுன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடிக் காட்டுகிறதென்று காற்றை இறக்காதீர்கள்.

வண்டியின் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும்போது கழிவறைத் தொட்டியை முதலில் திறந்து, பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டி. குழாய் தானே அலசிக்கொள்ளும். காலியானதும் கழிவறைத் தொட்டியில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றாவிட்டால் கழிவு காய்ந்து ஒட்டி, சென்சார் எப்போதும் ‘நிறைந்தது’ என்றே காட்டும். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், தனிக் கேனில்.

வடகிழக்கே எல்லை தாண்டினால் நெவாடாவின் ரயோலைட், தங்கம் தீர்ந்ததும் காலியான ஊர். 1906இல் சுமார் 50,000 பாட்டில்களை அடுக்கிக் கட்டிய வீடு அங்கே நிற்கிறது. பெட்ரோலை நான்கு மைல் தள்ளியுள்ள பீட்டி ஊரில் போட்டுக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் விலை அதிகம்.