‘வாட்டர்ப்ரூஃப்’ ஆர்ம்பேண்ட்: 599 ரூபாய்க்கு வந்து சேர்ந்த வினை

ஓடும்போது பாட்டுக் கேட்க, போனைக் கையில் கட்டிக்கொள்ளும் ஆர்ம்பேண்ட் ஒன்று ஆன்லைனில் 599 ரூபாய்க்கு விற்கிறது. 1,999 என்று போட்டு அடித்திருப்பார்கள். கடைக்காரர் பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஒரே சரக்கு, ஒரே படம், ஐந்தாறு பெயர்களில் உலவுகிறது. ஆகவே பொருளைப் பற்றியே எச்சரிக்கை.

விளம்பரத்தில் சொன்னவை நான்கு: 6.7 இன்ச் வரை எந்தப் போனும் பொருந்தும், தண்ணீர் புகாது, ஓடும்போது ஆடாது, இரவில் ஒளிரும். வந்து சேர்ந்ததில் நான்கும் பொய்.

ஆட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்த வடிவமே ஆப்பிளின் சின்னப் பாட்டுக் கருவியான ஐபாட் காலத்தது. கடைசியாக வந்த ஐபாட் நானோவின் எடை 31 கிராம். இன்றைய 6.7 இன்ச் போன் 200 கிராமை ஒட்டி இருக்கும், பல மாடல்கள் அதையும் தாண்டும். உறையை மட்டும் பெரிதாக வெட்டிவிட்டு, பட்டையை அதே பழைய அகலத்தில் விட்டிருக்கிறார்கள். ஓட்டத்தில் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைக்கிறோம். ஒவ்வொரு அடிக்கும் அந்த எடை பட்டையைக் கீழே இழுக்கும். மேற்கையோ முழங்கையை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகிறது. பட்டை வழுகி இறங்காமல் என்ன செய்யும்? இறக்கத்தைத் தடுக்க இறுக்கினால் விரல் மரத்துப்போகும். தளர்த்தினால் முழங்கையில் வந்து நிற்கும். நடுவில் சரியான இறுக்கம் என்று ஒன்று அந்தப் பட்டையில் கிடையாது. போதாக்குறைக்கு 16 செ.மீ. நீளப் போனின் கீழ் விளிம்பு, கையை மடக்கும்போதெல்லாம் முழங்கை மடிப்பில் குத்துகிறது.

‘பொருந்தும்’ என்றது திரையின் மூலைவிட்ட அளவை வைத்து. போனின் தடிப்பும், பின்னால் புடைத்திருக்கும் கேமராவும், நாம் போட்டிருக்கும் கவரும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. கவரோடு திணித்தால் பிளாஸ்டிக் ஜன்னல் புடைத்து, ஓரத் தையல் விடுகிறது. பட்டை நுழையும் துளையைச் சுற்றித் தையலே இல்லை, வெறுமனே வெட்டி விட்டிருக்கிறார்கள். முதலில் கிழிவது அங்கேதான்.

தண்ணீர் விஷயம்தான் ஆபத்தானது. உறைக்கு நியோப்ரீன் என்ற ரப்பர் நுரையைப் போட்டிருக்கிறார்கள். அந்த நுரை தண்ணீரை உள்ளே விடாது என்பது உண்மை. ஆனால் ஊசி போன ஒவ்வொரு தையல் துளையும் ஒரு வாசல். இயர்போன் வயர் நுழைய உறையின் அடியில் ஒரு பெரிய ஓட்டை வேறு. சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் மழையே தேவையில்லை, தோலோடு ஒட்டிய பக்கத்திலிருந்து வியர்வை உள்ளே போகும். போனது வெளியே வராது, ஏனென்றால் நியோப்ரீனில் காற்றோட்டம் இல்லை. சிறிது நேரத்தில் ஜன்னல் ஆவி பிடிக்கும், தொட்டால் திரை கேட்காது, பாட்டை மாற்ற முடியாது. அதற்குள் உப்பு நீர் சார்ஜர் துளையில் சேர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அப்படியே சார்ஜில் போட்டால் துளையின் முனைகள் அரித்துப்போகும்.

நீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் தரக் குறியீடான ஐபிஎக்ஸ்4 அட்டையில் இருந்தால்கூட, அது எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதுதான். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குவது ஐபிஎக்ஸ்7. இரண்டுமே நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை, வியர்வையில் அல்ல. இந்தக் குறியீட்டு எண்ணே போடாமல் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

ஒளிரும் பட்டை வெறும் சாம்பல் நிறப் பெயின்ட். இருட்டில் மூன்று மீட்டர் தள்ளி நின்று ஃபிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். உண்மையான ரிஃப்ளெக்டர் பளீரென்று வெள்ளையாகத் தெரியும், இது தெரியவில்லை.

திருப்பி அனுப்பக் கேட்டபோது வந்த பதில்: “பயன்படுத்திய பொருள், ரிட்டர்ன் இல்லை.” ஓடிப் பார்க்காமல் அது ஆடுமா என்று எப்படித் தெரியும் என்பதற்குப் பதில் இல்லை. இரண்டாவது புகாருக்கு மாற்றுப் பொருள் அனுப்பினார்கள். அதே சரக்கு, வேறு நிறம்.

இந்த இடத்தில் விட்டுவிட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். பார்சலைப் பிரிப்பதையும் வீடியோ எடுத்துக்கொண்டு 1915-ஐ அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

ஆர்ம்பேண்ட்தான் வேண்டும் என்றால், முழங்கையை ஓடும்போது மடக்குவது போல 90 டிகிரி மடக்கி, மேற்கையின் சுற்றளவை டேப்பால் எடுங்கள். நீட்டிய கையில் எடுத்த அளவு ஓட்டத்தில் இறுக்கும். கட்ட வேண்டிய இடம் தோள் தசை முடிந்து பைசெப்ஸ் தொடங்கும் பள்ளம், அதற்குக் கீழே அல்ல. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் தோலில் படவே கூடாது. பட்டை நீளமாகி அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அக்குளோரம் உரசி உரசிப் புண்ணாகும். பட்டை படும் இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவினால் உராய்வு குறையும். போனை ஒரு ஜிப் லாக் கவரில் போட்டு அப்புறம் உறைக்குள் வையுங்கள், மெல்லிய கவர் வழியே திரை வேலை செய்யும்.

200 கிராம் போனுக்கு உண்மையில் கை சரியான இடமே இல்லை, இடுப்புதான். இழுபடும் துணியில் குழாய் போலத் தைத்த ரன்னிங் பெல்ட்டில் எடை உடம்பின் நடுவோடு சேர்ந்து நகர்வதால் ஆட்டம் குறைவு. பேன்ட் சைஸைச் சொல்லி வாங்காதீர்கள். பெல்ட் உட்காரும் இடத்தை, அதாவது இடுப்பெலும்பை ஒட்டிய சுற்றளவை அளந்து வாங்குங்கள். ஒரு சிக்கல் உண்டு: போனை முதுகுப் பக்கம் வைத்தால் புளூடூத் விட்டு விட்டு வரும். அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள நீர் உறிஞ்சுகிறது. அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை ஈடுகட்டும். மெரினா மணலிலோ மைதானத்திலோ சுவர் ஏது? போனை முன்பக்கம் நகர்த்துங்கள். அப்போதும் அறுபட்டால், வலப்பக்கமோ இடப்பக்கமோ தள்ளிப் பாருங்கள்.

ஓடும்போது போனே வேண்டாம் என்பவர்களுக்குக் கிளிப் பிளேயர், அதாவது துணியில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பாட்டுக் கருவி, சுகம். ஆனால் ஆப்பிள் 2022 மே மாதத்தோடு ஐபாடை நிறுத்திவிட்டது. ஐபாடின் கிளிப் மாடலான ஷஃபிளை ‘புது ஷஃபிள்’ என்று சொல்லி இப்போது தெருக்கடையில் கிடைப்பதை நம்ப வேண்டாம். சாதாரண கிளிப் பிளேயர் வாங்கினால், டி-ஷர்ட் ஓரத்தில் மாட்டாமல் ஷார்ட்ஸின் இடுப்புப் பட்டியில் மாட்டுங்கள். நனைந்த துணி தொங்கித் துள்ளும். வயரை டி-ஷர்ட்டுக்கு உள்ளே விட்டால் வயர் ஆடி உரசும் சத்தமும் குறையும். 32 ஜிபி என்று போட்டிருந்தாலும் உள்ளே உண்மையில் அவ்வளவு இல்லாத போலிகள் நிறைய. ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் அதை முழுக்க நிரப்பி, முதலில் போட்ட பாட்டையும் கடைசியில் போட்ட பாட்டையும் ஓடவிட்டுப் பாருங்கள்.