பெங்களூரில் வனாமி இறால் தொட்டி 'பேக்கேஜ்': முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஆனேக்கல், ஹொஸ்கோட்டே பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் தமிழர்களைத் தேடிப் பிடித்து ஒரு ஆள் இந்த வியாபாரம் செய்கிறார். தார்ப்பாய்த் தொட்டி, ஏரேட்டர், குஞ்சு, தீவனம், 'கடல் மினரல்' மூட்டை எல்லாம் அவரே தருவார், வளர்ந்த இறாலையும் அவரே வாங்கிக்கொள்வார். எங்களிடம் வாங்கியது நான்கு லட்சத்துக்கு மேல். நிலம் மச்சானுடையது, பணத்தில் பாதி என்னுடையது. "நம்ம ஆளுங்க சார், உங்களைப் போய் ஏமாத்துவேனா?" என்றார். கன்னட ஊரில் தமிழில் பேசினால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

வனாமி கடல் இறால்தான் என்றாலும் உப்புக் குறைந்த நீரில் வளரும். ஹரியானா, பஞ்சாபில் உவர் நிலத்தடி நீரில் வளர்க்கிறார்கள். ஆனால் அங்கேயும் பொட்டாசியம் தனியாகக் கலக்கிறார்கள். கடல்நீரில் சோடியமும் பொட்டாசியமும் எடையில் ஏறக்குறைய 28-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும், இறாலுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் வேண்டும். போர் தண்ணீரில் பெரும்பாலும் பொட்டாசியம் மிகக் குறைவு. இது தெரியாதவர்களிடம் உப்பு மீட்டரைக் காட்டினால் போதும்: "பாருங்க சார், 5 பிபிடி, சூப்பர்." பிபிடி என்றால் ஆயிரம் பங்கு நீரில் எத்தனை பங்கு உப்பு என்ற கணக்கு. மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் பொட்டாசியம் இருக்கிறதா என்று சொல்லாது.

இறால் ஓடு கழற்றும் நேரத்தில் சாக ஆரம்பித்தது. கையில் எடுத்தால் உடம்பு வளைந்தபடியே நின்றது, சதை வெளுத்திருந்தது. போனில் கேட்டால் "வெண்புள்ளி நோய் சார், உங்க ராசி" என்றார். பிசிஆர் பரிசோதனையில் வெண்புள்ளி இல்லை என்று வந்தது. தண்ணீரையும் மினரல் மூட்டையையும் ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். 5 பிபிடி நீரில் லிட்டருக்குச் சுமார் 55 மில்லிகிராம் பொட்டாசியம் வேண்டும், எங்கள் தொட்டியில் பத்துகூட இல்லை. மூட்டையில் இருந்தது கிட்டத்தட்ட முழுக்கச் சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு! அதைக் கொட்டக் கொட்ட விகிதம் இன்னும் கெட்டிருக்கிறது.

குஞ்சும் அதே கதை. "5 பிபிடிக்குப் பழக்கிக் கொண்டுவந்தது" என்று பையைப் பிரித்துக் கொட்டினார்கள். பையில் மிச்சமிருந்த நீரை மச்சான் அளந்தபோது 20 பிபிடிக்கு மேல் காட்டியது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் சான்றிதழ் நகல் ஒன்றைக் காட்டினார். அது ஏதோ ஒரு கடலோரக் குஞ்சுப் பொரிப்பகத்துக்கானது, ஆனேக்கல் தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வனாமி நன்றாக வளர நீர் 28 டிகிரி அளவில் இருக்க வேண்டும், பெங்களூரில் டிசம்பர் இரவு 15-க்கு இறங்கும். ஹீட்டர் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அப்புறம் அந்தத் திரும்ப வாங்கும் ஒப்பந்தம். இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில், 30 கவுண்ட் இறால் மட்டும், அதுவும் உயிரோடு, என்று இருக்கிறது. அதாவது கிலோவுக்கு 30 இறால், ஒவ்வொன்றும் 33 கிராம். நன்றாக வளர்ந்த குளத்திலேயே பலர் 50, 60 கவுண்ட்டில் பிடித்துவிடுவார்கள். நாலு தார்ப்பாய்த் தொட்டியில் அவர் எதையுமே வாங்க வேண்டி வராது.

இப்போது போன் எடுப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களிடம் யாராவது இந்தப் பேக்கேஜோடு வந்தால், உங்கள் போர் தண்ணீருக்குச் சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் தனித்தனியாகப் போட்ட அறிக்கையை முதலில் கேளுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் மினரல் மூட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். ரசீதோடு பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், புகாரில் உங்களையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று வக்கீலிடம் கேட்கிறேன்.