பழைய காரின் ஸ்டியரிங் காலம் (column): பிரித்துச் சரிசெய்வதா, மாற்றிவிடுவதா?

ஸ்டியரிங் வீலிலிருந்து கீழே இறங்கும் ஷாஃப்ட், அதைத் தாங்கும் குழாய் எல்லாம் சேர்ந்த அசெம்பிளிதான் ஸ்டியரிங் காலம். அது ஆடுகிறது என்றால், முதலில் ஸ்டியரிங் வீலை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள பிராக்கெட்டோடு சேர்ந்து மொத்த அசெம்பிளியும் ஆடினால், அங்கே போல்ட் தளர்ந்திருக்கும், முறுக்கினாலே போதும். வீலும் ஷாஃப்ட்டும் மட்டும் லொடலொடவென்று ஆடினால் பெரும்பாலும் மேல் பேரிங் தேய்ந்திருக்கும். வீலைத் திருப்பியும் சக்கரம் உடனே திரும்பவில்லையா? கோளாறு பெரும்பாலும் கீழே, ஷாஃப்ட்டை இணைக்கும் கப்ளிங்கிலோ, அதன் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் ஸ்டியரிங் பாக்ஸிலோ, சக்கரத்தைத் தள்ளும் டை ராடிலோ இருக்கும்.

பேரிங்தான் என்று தெரிந்துவிட்டால் மூன்று வழிகள்: இருப்பதையே பிரித்துப் புதுப்பிக்கலாம், காயலான் கடையில் ஒன்று எடுத்து மாட்டலாம், அல்லது புதிதாக வாங்கலாம். என் ஓட்டு முதல் வழிக்கே. பேரிங், புஷ், இண்டிகேட்டர் சுவிட்ச் எல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

ஜெனரல் மோட்டார்ஸின் டில்ட் வகை, அதாவது வீலை மேலும் கீழும் சாய்த்து வைக்கக்கூடியது, இதற்கு நல்ல உதாரணம். வீல் பக்கம் தலை தொங்கியதுபோல ஆடும். பலர் அசெம்பிளியே போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் உள்ளே நான்கு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். அவற்றின் தலை நட்சத்திர வடிவில் இருக்கும் என்பதால் இ8 (E8) டார்க்ஸ் சாக்கெட் வேண்டும். எடுத்துத் துடைத்து, மரை தளராமல் பிடிக்கும் திரெட்லாக்கர் பசை போட்டு இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும். ஆனால் அங்கே போய்ச் சேர ஸ்டியரிங்கைப் பூட்டும் லாக் பிளேட்டை அழுத்தும் கருவியும், சாயும் பகுதியைத் தாங்கும் பிவட் பின்னை இழுக்கும் புல்லரும் தேவை. அவை இல்லாமல் இறங்காதீர்கள்.

பிரிக்கும் முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, சக்கரங்களை நேராக வைத்து, வீலிலும் ஷாஃப்ட்டிலும் அடையாளக் கோடு போடுங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல் சில மரை விட்டுவிட்டுப் புல்லர் போடுவது நல்லது. வீல் திடீரென்று விடுபட்டாலும் முகத்தில் அடிக்காது. சுத்தியல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

காரணம் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல்களில் மோதும்போது சுருங்கும் வகையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, மோதலில் ஸ்டியரிங் ஓட்டுநரை நோக்கி எவ்வளவு பின்னால் வரலாம் என்பதற்கு அமெரிக்கச் சட்டமே வரம்பு வைத்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு துண்டு ஷாஃப்ட்டை பிளாஸ்டிக் பின்கள் பிடித்திருக்கும்; மோதலில் அவை உடைந்து ஷாஃப்ட் சுருங்கும். ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் தட்டினாலும் அவை உடையும்.

காயலான் கடைச் சரக்கில் எனக்குள்ள பயமும் அதுதான். யார் எப்படித் தட்டிக் கழற்றினார்கள், அந்தக் கார் மோதியதா என்று தெரியாது. பேரிங்கும் உங்களுடையதைப் போலவே பழையது. போதாக்குறைக்கு, கியர் லீவர் ஸ்டியரிங்கிலா தரையிலா என்பதைப் பொறுத்து அமைப்பு மாறும். உங்களுடையதில் விரிசல் விட்ட ஹவுசிங், உடைந்த லீவர் போன்றவற்றுக்கு மாற்று உதிரி எடுக்க வாங்கினால் சரி.

புதியது பார்க்க அழகு. ஆனால் வயரிங் கனெக்டர், கீழ்முனை ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டின் பல் வரிகள்), சாவி இருக்கும் இடம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ரேக் எனும் பல் தண்டு வகை ஸ்டியரிங் வைத்த காருக்கு அதுவே பொருத்தம். உங்கள் ஷாஃப்ட்டின் பின்கள் ஏற்கெனவே உடைந்திருந்தாலும் தயங்காமல் புதியதற்குப் போங்கள். அந்த ஷாஃப்ட்டை வெல்டிங் வைத்து ஓட்டவே கூடாது. மோதலில் அது சுருங்காது.