நேவ்2-வின் எம்பிபிஐ கன்ட்ரோலர்: நன்றாக ஓட்டும், சந்தேகம்தான் படாது

ரோஸ் 2 என்ற ரோபோ மென்பொருளில் ரோபோவுக்கு வழிகாட்டும் தொகுப்புதான் நேவ்2; அதில் நொடிக்கு நொடி வேகத்தையும் திருப்பத்தையும் முடிவு செய்யும் பகுதி கன்ட்ரோலர். அதிலுள்ள இன்னொரு கன்ட்ரோலரான டிடபிள்யூபி-யோடு மல்லுக்கட்டி அலுத்துப்போயிருந்தால் தயங்காமல் எம்பிபிஐ-க்கு மாறலாம். ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது, ஜிபியூ கூடத் தேவையில்லை, சுமாரான லேப்டாப்பே போதும்.

வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சற்றுமுன் போட்ட கட்டளைத் தொடரை எடுத்து, வேகத்தையும் திருப்பத்தையும் இஷ்டத்துக்குக் கலைத்துவிட்டு, கூடவே தரப்படும் மாதிரி செட்டிங்ஸ்படி 2000 பாதைகளை அடுத்த 2.8 நொடிக்குக் கணக்கிலேயே ஓட்டிப் பார்க்கிறது, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறது, ஆனால் முதல் ரேங்க் வாங்கியதை மட்டும் தூக்கிக்கொள்ளாமல் நல்லதுக்கு அதிக எடை, மோசமானதுக்குக் குறைந்த எடை என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. ஓட்டம் வழவழப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஜார்ஜியா டெக்கில் 2016 வாக்கில் ஐந்தில் ஒரு பங்கு அளவு காரை மண் டிராக்கில் சறுக்கவிட்டு வளைத்த அதே முறைதான் இது.

ட்யூனிங்கில் ஒன்றைக் கவனியுங்கள். வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் என்றால் 2.8 நொடியில் 1.4 மீட்டர். லோக்கல் காஸ்ட்மேப், அதாவது ரோபோவைச் சுற்றியுள்ள தடைகளைக் குறிக்கும் வரைபடம், 3 மீட்டர் சதுரம்; ரோபோ நடுவில் நிற்பதால் ஒரு பக்கத்துக்கு 1.5 மீட்டர், அதற்குள் அடங்கிவிடும். வேகத்தை 1 ஆக்கினால் பாதைகள் மேப்பைத் தாண்டிவிடும், மேப்பையும் பெரிதாக்கியே ஆக வேண்டும்.

சரி, குறைக்கு வருவோம். சக்கரம் வழுக்கினாலும் கட்டளை கொஞ்சம் பிசகினாலும் நொடிக்குப் பல தடவை திட்டத்தைத் திருத்திச் சமாளித்துவிடுகிறது. ஆனால் 'நான் எங்கே நிற்கிறேன்' என்பதிலேயே சந்தேகம் இருந்தால்? ரோபோ வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கணிக்கும் ஏஎம்சிஎல், தன் கணிப்போடு எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது, எம்பிபிஐ அதைக் கண்டுகொள்வதே இல்லை. 1998-இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஓடிய மினர்வா ரோபோவை வைத்து, இடம் குழம்பாமலிருக்கச் சுவரோரமாகவே போகும் திட்டமிடல் செய்து காட்டினார்கள். அந்த அறிவு இதில் இல்லை. குறுக்கே நடக்கிற ஆளையும் அந்தக் கணத்தில் நிற்கும் தூணாகத்தான் பார்க்கும்.

அதனால் சுவர், அலமாரி நிறைந்த கிடங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். லைடாருக்கு (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) எதுவும் சிக்காத பெரிய வெற்று ஹால் என்றால் முதலில் இடமறிதலைச் சரிசெய்யுங்கள், கன்ட்ரோலரைத் திட்டுவதெல்லாம் அப்புறம். பழைய சின்ன போர்டு என்றால் பேட்ச் சைஸை, அதாவது ஓட்டிப் பார்க்கும் பாதைகளின் எண்ணிக்கையை, 1000-க்கு இறக்கிப் பாருங்கள்.