அம்மாவின் கடைசி மூன்று மாதங்கள்: வீடு தேடி வந்த வலி நிவாரண சேவையைப் பற்றி

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத எங்கள் ஊரில், 2023 அக்டோபர் முதல் 2024 ஜனவரி வரை என் அம்மாவை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கத் துணைநின்ற ஒரு வலி நிவாரண சேவைக் குழுவைப் பற்றி எழுதுகிறேன். பாலியேட்டிவ் கேர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு மிஷன் மருத்துவமனையைச் சேர்ந்த அந்தக் குழுவில் ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், ஓர் ஓட்டுநர், மருத்துவமனையின் குருவானவர் ஆகிய ஐந்து பேர் மட்டுமே இருக்கிறார்கள். சக்திக்கு மீறி வீடுகளைப் பார்த்துவருவதால் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதற்கு இணங்குகிறேன். எனினும், சாவை எதிர்நோக்கியிருக்கும் ஒருவரை வீட்டில் வைத்திருக்கும் விசுவாசக் குடும்பங்கள், தங்கள் பக்கத்திலுள்ள இத்தகைய சேவையிடம் எதைக் கேட்டுப் பெறலாம் என்று அறிந்துகொள்ள இது உதவும் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்கு அப்போது வயது 71. திருமண்டலப் பள்ளியில் 34 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவர். மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி, மார்பிலும் ஆறாத புண்ணாக வெடித்திருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று ஒரு பெரிய மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். செய்வதற்கு எவ்வளவோ இருந்தது என்பதை அடுத்த மூன்று மாதங்களில் இந்தக் குழு எங்களுக்குக் காட்டியது.

அம்மாவுக்கு விசுவாசம் இல்லாமற்போகவில்லை. ஆனால் இரவெல்லாம் முதுகைப் பிளக்கும் வலியோடு கிடப்பவரால் ஒரு வசனத்தை முழுதாக மனத்தில் நிறுத்த முடியவில்லை. ஜெபிக்கத் தொடங்குவார், பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுவார். குழு வந்த முதல் வியாழக்கிழமையே மருத்துவர், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையை 5 மில்லிகிராம் அளவில் தொடங்கினார். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். இரவு 10 மணிக்கு இரட்டிப்பு அளவு கொடுத்தால் நள்ளிரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை என்று செவிலியர் ஒரு நோட்டில் கோடு போட்டுத் தந்தார். மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்பதால் அதற்கான மாத்திரையையும் முதல் நாளிலிருந்தே சேர்த்தார்கள். வலி வந்த பிறகு துரத்திப் பிடிப்பதைவிட, வருவதற்குமுன் வாசலிலேயே நிறுத்துவது எளிது என்பதுதான் இதன் அடிப்படை. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட புற்றுநோய் வலி வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

ஆனால் அம்மா அந்த மாத்திரையை எளிதில் ஏற்கவில்லை. ஜெபக்கூட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒரு சகோதரி, சிலுவையில் ஆண்டவருக்கு வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லையே, நீங்கள் மட்டும் ஏன் மயக்க மருந்தைத் தேடுகிறீர்கள், விசுவாசம் இருந்தால் சுகம் வருமே என்று சொல்லிச் சென்றிருந்தார். அன்பினால்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த வார்த்தை அம்மாவை இரண்டு வாரம் வதைத்தது. சாவின்மீது இருந்த பயத்தைவிட, தன் விசுவாசத்தில் ஏதோ குறை இருப்பதால்தான் சாகிறோமோ என்ற பயம் பெரிதாகிவிட்டது. குருவானவரிடம் (எங்கள் பக்கத்தில் ஐயர் என்று அழைப்போம்) அம்மா இதைக் கேட்டபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதே சிலுவையில் தாகமாயிருக்கிறேன் என்று சொல்லி, கொடுத்த காடியை வாங்கிக்கொண்டாரே, டீச்சர்" என்றார். அம்மா அதை யோசித்தார். மறுநாள் காலை 6 மணி மாத்திரையைத் தாமே கேட்டார்.

அடுத்தது புண்ணின் நாற்றம். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஊதுபத்தி, சாம்பிராணி, வாசனைத் திரவியம் எதற்கும் அது அடங்கவில்லை. அம்மா கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். பேரப்பிள்ளைகள் அறைக்குள் வரக் கூடாது என்றார். குடும்ப ஜெபத்தைக் கூடத்தில் நடத்தச் சொல்லிவிட்டு அறைக்குள் தனியாகப் படுத்திருந்தார். செவிலியர் முதல் நாளே கட்டைப் பிரித்து, உப்புக் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரைகளை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பொடியாக்கி, மெல்லத் தூவிக் கட்டினார். அழுகும் சதையில் வளரும் கிருமிகளால்தான் அந்த நாற்றம் வருகிறது, அவற்றைக் கொன்றால் நாற்றம் குறையும் என்று விளக்கிவிட்டு, என் மதினியின் கையைப் பிடித்துச் செய்யக் கற்றுக்கொடுத்தார். முகத்தில் துணி கட்டிக்கொள்ளாமல், மூக்கைச் சுளிக்காமல், பள்ளிக்கூடத்துக் கதைகளைக் கேட்டுக்கொண்டே அவர் அதைச் செய்ததை அம்மா கவனித்துக்கொண்டே இருந்தார். ஒரு வாரத்துக்குள் அறையில் நாற்றம் பெருமளவு அடங்கியது. அன்று மாலை அம்மா, "ஜெபத்தை இங்கேயே வைத்துக்கொள்ளுவோம், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்" என்றார். மிகவும் மலிவான ஒரு மாத்திரைப் பொடிதான் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்தை அம்மாவின் கட்டிலருகே திரும்பக் கொண்டுவந்தது.

சாவை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை லண்டனில் 1967-இல் தொடங்கி இந்தத் துறைக்கே வழிவகுத்த சிசிலி சாண்டர்ஸ், செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்கிலும் ஒருசேர வலிப்பதைத்தான் அவர் முழுமையான வலி என்று வகுத்தார். புண்ணின் நாற்றத்தால் ஒரு பாட்டி பேரப்பிள்ளைகளை விலக்கிவைத்ததில் அந்த நான்கும் இருந்தன. 2005-இல் சாண்டர்ஸ் தாம் தொடங்கிய அதே இல்லத்தில் இறந்தார் என்பதையும் அந்தச் செவிலியரே எங்களுக்குச் சொன்னார்.

குருவானவரின் பங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் அழைத்தால் மட்டுமே வருகிறார். பக்கத்துத் தெருவில் இதே குழு பார்த்துவந்த ஓர் இந்துக் குடும்பத்துக்கு அவர் ஒருமுறையும் செல்லவில்லை. அங்கே மருந்தும் கட்டும் எங்களுக்குக் கிடைத்த அதே அக்கறையோடு கிடைத்தன. எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தபோது அவர் உடனே வேதாகமத்தைத் திறக்கவில்லை; நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எது மிகவும் கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் கேட்டார். கர்த்தரைக் கூப்பிட்டும் பதில் இல்லை என்றார் அம்மா. இத்தகைய நேரத்தில் எல்லோரும், கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார் என்று தொடங்கும் 23-ஆம் சங்கீதத்தைத்தான் எடுப்பார்கள். இவரோ 88-ஆம் சங்கீதத்தை வாசித்தார். அறிமுகமானவர்களை விலக்கி, அவர்களுக்குத் தன்னை அருவருப்பாக்கினீர் என்று கர்த்தரையே நோக்கி முறையிட்டு, கடைசிவரை விடியாமல் இருளிலேயே முடியும் சங்கீதம் அது. வாசித்து முடித்துவிட்டு அவர் எந்த விளக்கமும் சொல்லவில்லை. "இது என் சங்கீதம். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் இதை நான் மனப்பாடம் பண்ணக் கொடுத்ததில்லை" என்று அம்மா அழுதார். நோய் வந்தபின் எங்கள் முன்னால் அவர் அழுதது அதுவே முதல்முறை. அன்றிலிருந்துதான் அவர் முகம் தெளியத் தொடங்கியது என்பது என் கணிப்பு. மகிழ்ச்சியாயிருங்கள், ஸ்தோத்திரம் பண்ணுங்கள் என்று அதுவரை சொன்னவர்கள் எவரும் அழுவதற்கு அவருக்கு இடம் கொடுத்ததில்லை.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்து, தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. குழுவால் அந்த வாரம் வர முடியவில்லை. வழக்கமாக ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை தரும் செவிலியர், கிறிஸ்துமஸ் விடுமுறையை எண்ணி 14-ஆம் தேதியே இரண்டு வாரத்துக்குத் தந்திருந்தார். அந்த முன்யோசனை இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. அந்த இருட்டில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், வலியில்லாமல் படுத்திருந்த அம்மா பேரப்பிள்ளைகளுக்குக் கடைசியாக ஓர் இலக்கணப் பாடம் நடத்தினார். 23-ஆம் சங்கீதத்தைச் சொல்லச் செய்து, மேய்க்கிறார், நடத்துகிறார் என்று படர்க்கையில் பேசிவந்தவன், மரண இருளின் பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று முன்னிலைக்கு மாறிவிடுகிறான், கவனித்தீர்களா என்று கேட்டார். "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்ற வரிக்கு வந்ததும், குடத்தில் இருந்த கலங்கல் தண்ணீரைக் காட்டி, அந்தக் காலத்தில் தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கலைத் தெளியவைப்போம், தேற்றுவதும் அதேதான் என்றார். எனக்கு ஐம்பது வயதாகிறது. தேற்றுதல் என்ற சொல்லின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பாகச் சேறு மிதித்து வந்த குழு, முதலில் கேட்டது மாத்திரை தீர்ந்துவிட்டதா என்பதைத்தான். அன்றிரவு வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் மைக்செட்டும் மின்விளக்கும் இல்லாமல் கீதம் பாடி வந்தார்கள். அம்மா அவர்களை அறைக்குள்ளேயே அழைத்து, இரண்டாம் சரணத்தை ராகம் பிசகிப் பாடுகிறீர்கள் என்று திருத்தி, திரும்பப் பாடச் சொன்னார். அடக்க ஆராதனையில் என்னென்ன பாட்டு என்பதை அவர்களிடமே சொல்லிவைத்தார். அதிலும் ராகம் பிசகக் கூடாது என்று சொல்லிச் சிரித்தார். பிள்ளைகள் முதலில் தயங்கி, பிறகு அவரோடு சேர்ந்து சிரித்தார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இரவு 8 மணிக்கு மேல் இந்தக் குழுவைத் தொலைபேசியில்கூடப் பிடிக்க முடியாது. டிசம்பர் முதல் வாரத்தில் ஓர் இரவு புண்ணிலிருந்து இரத்தம் கசிந்து நிற்கவில்லை. அடர்நிறத் துண்டால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம் ஒரு மனிதக் குரல் மறுமுனையில் இருந்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். ஐந்து பேரால் அது முடியாது என்று அறிவேன். செவிலியர் ஒருவரைக் கூடுதலாக நியமிக்கச் சபைகள் பணம் கொடுத்தால் முடியும். மரணத்துக்குப் பின் துக்கம் விசாரிக்க ஒருமுறை மட்டுமே வந்தார்கள். பாட்டியோடு ஒட்டியிருந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது போதவில்லை. கட்டணம் எதுவும் அவர்கள் கேட்கவில்லை. விரும்பியதைக் கொடுக்கலாம் என்றார்கள்.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் அம்மாவால் விழுங்க முடியாமற்போயிற்று. திருவிருந்து வேண்டும் என்று கண்ணால் காட்டினார். ஐயர் வந்து, அப்பத்தில் கடுகளவு கிள்ளி, கரண்டி முனையில் திராட்சரசத்தில் நனைத்து, அம்மாவின் நாவில் தொட்டுவைத்தார். விழுங்க வேண்டியதில்லை டீச்சர், அது தானே கரையும் என்றார். அம்மாவின் உதடு அசைந்தது. மறுநாள் விடியற்காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பிசகில்லாமல் பாடி அடக்கம் செய்தோம்.

எட்டாம் நாள் செவிலியர் வந்து மீந்த மார்ஃபின் மாத்திரைகளை என் முன்னால் எண்ணி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மீந்தவற்றை வீட்டில் விட்டுவைக்க அவர்கள் அனுமதிப்பதில்லை. மாத்திரை நேரம் குறித்த அந்த நோட்டையும் பதிவுக்காகக் கேட்டார். புரட்டிப் பார்த்தபோது, 6, 10, 2 என்று கோடு போட்ட கட்டங்களுக்கு அருகே அம்மா பென்சிலால் சங்கீத எண்களைச் சிறிதாக எழுதிவைத்திருந்தார். முதல் பக்கங்களில் பெரும்பாலும் 88. பிறகு 23, 121, 103. செவிலியர் அதை நெடுநேரம் பார்த்தார். அந்த வாரமே நோட்டை நகலெடுத்துக்கொண்டு, மூலத்தை ஓட்டுநரிடம் கொடுத்து எங்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.