தலைப்பிரசவத்துக்கு தண்டையார்பேட்டை போன கதை

ஷார்ஜால இருந்து 33வது வாரத்துல கெளம்பினேன். அதுக்கு மேல தள்ளிப்போட பயம், 36 வாரம் தாண்டிட்டா பொதுவா பிளைட்ல ஏத்தமாட்டாங்க, அதுக்கு முன்னாடியே பறக்கலாம்னு டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி வெச்சுக்கணும். நானும் பத்திரமா பைல்ல போட்டு வெச்சிருந்தேன், செக்-இன்ல இருந்த பொண்ணு லெட்டர திருப்பிக்கூட பாக்கல, வயித்த பாத்துட்டு "ட்வின்ஸா மேம்"னு கேட்டுச்சு. ஒண்ணுதாம்மா.

அங்கயே பெத்துக்க வேண்டியதுதானன்னு எல்லாரும் கேட்டாங்க. எங்க இன்சூரன்ஸ்ல பிரசவத்துக்குன்னு கொஞ்சம்தான் குடுப்பான், மிச்சம் கைக்காசு, அதகூட விடுங்க, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த மறுநாளே இவரு டூட்டிக்கு கெளம்பிடுவாரு, அப்புறம் நானு, புள்ள, ஏசி சத்தம், அவ்ளோதான். தலைப்பிரசவம் அம்மா வீட்லன்னு சும்மாவா சொன்னாங்க.

சென்னை ஏர்போர்ட்ல அப்பா டாக்சி புடிக்கப் போனாரு. நான்தான் மெட்ரோலயே போலாம்னு அடம் புடிச்சேன். 2021ல விம்கோ நகர் வரைக்கும் நீட்டினதுக்கு அப்புறம் ஏர்போர்ட்ல ஏறினா எங்கயும் மாறாம நேரா நம்ம ஏரியாலயே எறங்கலாம். நான் காலேஜ் போனப்ப டி.எச். ரோட்ல பஸ்ல தொங்கிட்டுப் போன தூரம் அது. லிப்ட்ல மேல வந்து வெளிய நின்னா கன்டெய்னர் லாரி ஹாரன், எண்ணெய் வாடை, எல்லாம் அப்படியே இருக்கு. அது ஒரு சந்தோஷம் எனக்கு.

இப்ப முக்கியமான விஷயம். வெளிநாட்ல இருந்து பிரசவத்துக்கு தமிழ்நாடு வர்ற பொண்ணுங்க எல்லாரும் இத மட்டுமாவது படிங்க. வந்த வாரமே உங்க ஏரியா கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயி ஆர்சிஎச் நம்பர் போட்டுக்கோங்க, கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் குடுக்கற பதிவு நம்பர், பிக்மி நம்பர்னும் சொல்லுவாங்க, 12 இலக்கம். எவ்ளோ பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரில பெத்தாலும் புள்ளயோட பர்த் சர்டிபிகேட் போட இந்த நம்பர கேப்பாங்க. எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. எதிர் வீட்டு அக்கா துணி காயப்போட்டுட்டே மாடில இருந்து "நம்பர் போட்டியாடி"ன்னு கேட்டாங்க, நான் போன் நம்பர கேக்கறாங்கன்னு நெனச்சு சொல்லிட்டு இருக்கேன்.

அங்க போனா நர்ஸம்மா மொதல்ல திட்டுனாங்க. ஏழு மாசம் முடிஞ்சு வர்றியேம்மா, இவ்ளோ நாள் எங்க போன? ஷார்ஜான்னேன். "ஷார்ஜால நர்ஸ் இல்லையா"ன்னாங்க. ஆனா அங்க எடுத்த ஸ்கேன், பிளட் டெஸ்ட், ஊசி போட்ட தேதி எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பாத்து அவங்களே ஏத்திட்டாங்க, எடை பாத்து, பிரஷர் பாத்து, இரும்புச்சத்து மாத்திரை குடுத்து, மொத்தம் முக்கா மணி நேரம், ஒரு பைசா செலவில்ல. பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு முத்துலட்சுமி ரெட்டி பிரசவ உதவி ஸ்கீம் பணத்துக்கு பாஸ்புக் ஜெராக்ஸ் குடுத்துட்டு இருந்துச்சு, அந்த 18,000 கஷ்டப்படற குடும்பத்துக்கானது, நமக்கு கெடையாது, அதனால கேக்காதீங்க.

எங்க ஆயா காலத்துல இருந்து வீட்ல எல்லாரும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு பிரசவ ஆஸ்பத்திரில பொறந்தவங்கதான், அம்மா, மாமா, நான், என் தம்பி. அம்மாவுக்கு என்னையும் அங்கயே கூட்டிட்டுப் போகணும்னு ஆச. நான்தான் வெளிநாட்ல இருந்து வந்துட்டு ஜெனரல் வார்டான்னு ஒரு கெத்துல பிரைவேட் ஆஸ்பத்திரி ஒண்ணு பாத்து புக் பண்ணேன். பேரு வேணாம். நார்மல்னா 65,000 பேக்கேஜ், தனி ரூம், வரவேற்புல மீன் தொட்டி.

37வது வாரம் அங்க ஸ்கேன் எடுத்தப்ப, புள்ளய சுத்தி இருக்கற தண்ணி எட்டு சென்டிமீட்டர்னு வந்துச்சு. டூட்டில இருந்த சின்ன டாக்டர் உதட்ட பிதுக்கினாங்க, "கொஞ்சம் பார்டர்தான், சிசேரியன் பண்ணிக்கலாமே, வெயிட் பண்ணி ரிஸ்க் எதுக்கு"ன்னாங்க. வெளிய வந்தா ரிசப்ஷன் பொண்ணு ரெடியா இருக்கு, "நல்ல நேரம் பாத்து டேட் சொல்லுங்க மேம், வெள்ளிக்கிழமை காலைல மட்டும் ஒரு ஸ்லாட் இருக்கு". கல்யாண மண்டபம் புக் பண்ற மாதிரி. அம்மா காலண்டர் எடுக்கவே ஆரம்பிச்சிட்டாங்க! எனக்கு என்னமோ மனசு ஒப்பல. மறுநாள் கார்ப்பரேஷன் நர்ஸம்மாகிட்ட ரிப்போர்ட்ட காட்டினேன், அவங்க அங்க இருந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, அந்த டாக்டர் பாத்துட்டு அஞ்சுக்கு கீழ போனாதான் கம்மின்னு சொல்லுவோம், புள்ள நல்லா அசையுதா, பிரஷர் சுகர் இல்ல, தண்ணி நெறைய குடி, அடுத்த வாரம் திரும்ப ஸ்கேன் பண்ணு, அசைவு கொறஞ்சா மட்டும் ஒரு நிமிஷம் நிக்காம ஓடு, அப்படின்னாங்க. அடுத்த வாரம் பத்தரை. அந்த வெள்ளிக்கிழமை ஸ்லாட் யாருக்குப் போச்சோ.

39 முடியப்போற நேரம், ஒரு ராத்திரி 11 மணிக்கு இடுப்புல புடிச்சு இழுத்துச்சு. அம்மா பதறவே இல்ல, சீரகத்த வறுத்து தண்ணி ஊத்தி கொதிக்க வெச்சுக் குடுத்தாங்க. சூட்டு வலின்னா அடங்கிடும், புள்ள வலின்னா ஏறும்னு அவங்க கணக்கு. ஏறுச்சு. தம்பி போன்ல நேரம் குறிச்சிட்டே இருந்தான், 12 நிமிஷம், 9 நிமிஷம், மூணு மணி வாக்குல அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் நிக்குது. அப்பா 108க்கு அடிச்சாரு. எடுத்தவங்க நிதானமா எத்தனாவது பிரசவம், எத்தன நிமிஷத்துக்கு ஒருதடவ வலி, தண்ணி போயிடுச்சான்னு கேட்டு வண்டி அனுப்பறோம்னாங்க. அதுக்குள்ள தம்பி தெருமுனைல ஒரு ஆட்டோவ மடக்கிட்டு வந்துட்டான், வண்டி வேணாம்னு திரும்ப போன் பண்ணி சொல்லிட்டோம்.

எங்க ஏரியால காலைல மூணு மணிக்கு சவாரி ஓட்டற ஆட்டோன்னா அது காசிமேட்டு ஆட்டோதான். மீன் எடுக்கப் போற பொம்பளைங்கள ஏத்திட்டுப் போற வண்டி. உள்ள உக்காந்ததும் கவுச்சி வாடை குப்புனு அடிச்சுது, சீட்டுக்குப் பின்னால ரெண்டு பிளாஸ்டிக் கூடை, காலுக்கடில ஐஸ் உருகின தண்ணி. ரயில்வே கேட்டு கிட்ட வந்தப்ப கேட் போட்டிருந்துச்சு. கூட்ஸ் வண்டி போகுது போகுது போயிட்டே இருக்குது, நான் அம்மா கைய நசுக்கிட்டு பெட்டிய எண்றேன், நாப்பத்தி ஒண்ணோ என்னவோ வரும்போது உள்ள டப்புன்னு ஒண்ணு ஒடைஞ்ச மாதிரி, சுடச்சுட காலோட ஊத்துச்சு. பன்னீர்க்குடம். வலியவிட வெக்கம்தான் மொதல்ல வந்துச்சு, அண்ணா சாரிண்ணா வண்டியெல்லாம்னு அழறேன். அவரு திரும்பிகூட பாக்கல, "இன்னாக்கா நீ, தெனம் மீன் தண்ணிதான் ஊத்துது, இது புள்ள தண்ணி, நல்ல சகுனம்"ன்னாரு. கேட் தூக்கினதும் "புள்ளத்தாச்சி இருக்குது, வழி வுடு"ன்னு கத்திட்டே ரெண்டு லாரிக்கு நடுவுல பூந்தாரு. காசு வாங்கமாட்டேன்னுட்டாரு. கடசில அப்பா 300 ரூபாய சட்டப் பாக்கெட்ல சொருகிட்டு வந்தாரு.

உள்ள போனதும் சிஸ்டர் கேட்ட மொத கேள்வி, "தண்ணி என்ன கலர்ல போச்சு?" பச்சையா போனா புள்ள உள்ளயே மோஷன் போயிடுச்சுன்னு அர்த்தமாம். அம்மா இருட்டுல எங்க பாத்தாங்க. சிஸ்டரே நாப்கின பாத்துட்டு தெளிவாதான் இருக்குன்னாங்க, உசுரே வந்துச்சு. கர்ப்பப்பை வாய் நாலு விரல் தெறந்திருக்கு, இன்னும் நேரம் இருக்குன்னு சொல்லிட்டு வயித்துல பெல்ட்ட கட்டி புள்ளயோட ஹார்ட் பீட் ஓட விட்டாங்க. டொக்டொக்டொக்னு குதிரை ஓடற சத்தம்.

இங்க ஒரு கோவம் எனக்கு. அம்மாவ உள்ள விடல. ரூல் இல்லையாம். தமிழ்நாட்ல அரசு ஆஸ்பத்திரிலயே பிரசவத் துணைன்னு கூட ஒரு பொம்பளய விடறாங்க, 65,000 வாங்கறவன் மீன் தொட்டி கிட்ட உக்கார வெக்கறான். போனையும் வாங்கி வெச்சுட்டாங்க, இவரு அங்க ஷார்ஜால பொழுது விடிய விடிய ஆன்லைன்ல உக்காந்திருக்காரு பாவம்.

நான் ஒழுங்கா பெத்தேன்னா அது அந்த நைட் டூட்டி சிஸ்டராலதான். பொன்னேரி பக்கம், அம்பது வயசு இருக்கும், எட்டு மணிக்கு டூட்டி முடிஞ்சும் போகல. ஒவ்வொரு வலிக்கும் இடுப்புல முஷ்டிய வெச்சு அமுக்குவாங்க, அந்த அமுக்குல பாதி வலி போன மாதிரி இருக்கும். வலி இல்லாதப்ப எழுப்பி நடக்க விட்டாங்க. நான் கத்தினப்ப, "கத்தாத கண்ணு, கத்தற தெம்ப அப்படியே கீழ அனுப்பு, மலச்சிக்கல்ல முக்குவ இல்ல, அப்டி முக்கு"ன்னாங்க. பிரசவ வகுப்புன்னு ஷார்ஜால காசு கட்டி மூச்சுப்பயிற்சி எல்லாம் போனேன், இந்த ஒத்த வரிய எவளும் சொல்லித் தரல. 9:40க்கு புள்ள வெளிய வந்துச்சு, பொண்ணு, 2.8 கிலோ. தொடைக்கறதுக்கு முன்னாடியே தூக்கி என் நெஞ்சுல போட்டாங்க. வழவழன்னு சூடா, மீன்குட்டி மாதிரி. நஞ்சுக்கொடி விழுந்தது, தையல் போட்டது எல்லாம் எனக்கு எங்கயோ தூரத்துல நடந்த மாதிரிதான் இருக்கு.

வெளிய ஆயாம்மா ரெண்டு பேரு புள்ளய தூக்கிட்டுப் போயி "மகாலட்சுமி வந்திருக்கா, சந்தோஷமா குடுங்க"ன்னு நின்னிருக்காங்க. அப்பா 500 நீட்டினா வாங்கல, ஆயிரத்துக்கு அப்புறம்தான் துணிய வெலக்கி மூஞ்சிய காட்டியிருக்காங்க. அம்மா தேன் தொட்டு வெக்கப் பாத்து சிஸ்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாங்க, ஆறு மாசத்துக்கு தாய்ப்பால் தவிர தண்ணிகூட கூடாதுன்னு.

மூணாம் நாள் பில்லு. 65,000 பேக்கேஜ் 91,400 ஆயிருந்துச்சு. அப்பா ரிட்டயர்டு கிளார்க்கு, கண்ணாடிய போட்டுட்டு வரி வரியா பேனாவால டிக் அடிக்கறாரு, கையுறை 62 ஜோடின்னு ஒரு வரி. "ஏம்மா, 62 ஜோடின்னா 124 கை, என் பொண்ண பாத்தது மொத்தமே மூணு பேரு"ன்னு ரொம்ப மரியாதையா கேட்டாரு. உள்ள போயி வந்து 8,000 கொறச்சாங்க. அப்ப கேக்காதவங்களுக்கு?

வீட்டுக்கு வந்தப்புறம்தான் சொகம். அம்மா காசிமேட்ல சொல்லி வெச்சு பால் சுறா வாங்கிட்டு வந்து புட்டு, பூண்டுக் குழம்பு, லேகியம், நான் ஆடாம அசையாம தின்னேன், பாலுக்குக் கொறையே இல்ல. திட்டுன நர்ஸம்மா வீடு தேடி வந்து புள்ளயோட தொப்புள பாத்தாங்க, என் தையல பாத்தாங்க, ஆறாவது வாரம் புதன்கிழமை தடுப்பூசிக்கு வந்துடுன்னு கார்டுல எழுதிட்டு டீகூட குடிக்காம போயிட்டாங்க. அதே ஊசிக்கு பிரைவேட்ல ஒரு ரேட் கார்டே குடுத்தாங்க.

சர்டிபிகேட்டுக்கு அந்த 12 இலக்கம் கையில இருந்ததால அலைச்சலே இல்ல, ஆஸ்பத்திரில ஏத்திட்டாங்க, கார்ப்பரேஷன் சைட்ல நாமளே டவுன்லோட் பண்ணிக்கலாம், காசு கெடையாது. ஒரு வருஷத்துக்குள்ளன்னா பேரு சேக்கவும் காசு கெடையாது, ஆனா பாஸ்போர்ட் எடுக்கணும்னா பேரோட வேணும். 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பொறந்த புள்ளைங்களுக்கு பொறந்த தேதிக்கு இந்த சர்டிபிகேட் மட்டும்தான் செல்லும், அதனால ஸ்பெல்லிங் பத்து தடவ பாருங்க. இன்ஷியல் பிரச்சன வேற நமக்கு. 2022 நவம்பர்ல இருந்து பாஸ்போர்ட்ல ஒத்தப் பேரு மட்டும் இருந்தா அமீரகத்துல விசிட் விசால விடறதில்ல, ரெசிடென்ஸ் விசாக்கு அது இல்லைன்னாலும் எதுக்கு வம்புன்னு இவரு பேர சர்நேம்ல போட்டுட்டோம்.

கடசி வேல பாஸ்போர்ட் போட்டோ. பெரியவங்களுக்கு அமைந்தகரை சேவா கேந்திரத்துலயே எடுத்துடுவாங்க, நாலு வயசுக்குக் கீழன்னா நாமதான் வெள்ளை பேக்கிரவுண்ட்ல எடுத்துட்டுப் போகணும், கண்ணு தெறந்திருக்கணும், வேற யாரு கையும் தெரியக்கூடாது. டி.எச். ரோட்ல ஒரு பழைய ஸ்டுடியோ. அம்மா நாற்காலில உக்காந்தாங்க, ஸ்டுடியோக்காரரு அவங்க தலையோட சேத்து வெள்ளை பெட்ஷீட்ட போத்தி, அது மேல புள்ளய சாய்ச்சு வெச்சாரு, அம்மா துணிக்கு அடில இருந்து புள்ள கழுத்த புடிச்சிருக்காங்க. புள்ள தூங்கிடுச்சு. சாவிக்கொத்த ஆட்டினாரு, விசில் அடிச்சாரு, கால் விரல சுண்டினாரு, நாப்பது நிமிஷம். பெட்ஷீட்டுக்குள்ள இருந்து அம்மா "எனக்கு மூச்சு முட்டுதுடி"ன்னு சத்தம் போட்டாங்க பாருங்க, அந்தக் கொரல கேட்டு டக்குனு ரெண்டு கண்ணையும் முழிச்சுது. அந்த போட்டோதான் பாஸ்போர்ட்ல இருக்கு.